சேமித்து வைத்த நேரம்

அமெரிக்காவின் வடக்கு எல்லையில் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாவு விழுந்த வீட்டுக்கும் அப்படித்தான். கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு நீள்சதுரக் கண்ணாடிப் பாத்திரமாக இருக்கும். மேலே பொன்னிறமாக வரிசைகட்டி நிற்கும் உருளைக்கிழங்குத் துண்டுகள். அடியில் காளான் சூப்பில் தோய்ந்த மாட்டுக் கொத்துக்கறி, வெங்காயம், பச்சைப் பட்டாணி. அந்த ஊர்க்காரர்கள் இதை ‘ஹாட்டிஷ்’ என்கிறார்கள். மற்ற மாநிலத்தவருக்கு இது கேசரோல்.

கறி, காய், மாவுச்சத்து மூன்றையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி ஓவனில் வைத்து எடுக்கும் இந்த முறை ஹாட்டிஷ் என்ற பெயரில் அச்சில் ஏறியது 1930இல். மினசோட்டாவின் மன்காட்டோ நகரில் கிரேஸ் லூத்தரன் தேவாலயத்தின் பெண்கள் குழு அந்த ஆண்டு வெளியிட்ட சமையல் புத்தகத்தில் ஹாட்டிஷ் குறிப்பு ஒன்று இருக்கிறது. கொத்துக்கறி, வெங்காயம், செலரி, டின் பட்டாணி, டின் தக்காளி சூப், மக்ரோனி ஆகியவைதான் பொருட்கள். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்கக் குடும்பங்களை நெருக்கத் தொடங்கியிருந்த காலம் அது. விலை குறைந்த கறியைக் கொண்டு பத்துப் பேர் வயிற்றை நிரப்ப வேண்டிய தேவை பல வீடுகளில் இருந்தது. அந்தக் காலம் போய் வளம் வந்த பிறகும் இந்த உணவு மறையவில்லை. 2011இல் மினசோட்டாவின் செனட்டர் அல் ஃபிராங்கன், தம் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கிடையே வாஷிங்டனில் ஒரு ஹாட்டிஷ் போட்டியைத் தொடங்கினார். முதல் ஆண்டு வென்றவர் இன்னொரு செனட்டரான ஏமி குளோபுச்சர்.

வேலைநாள் மாலையில் களைத்து வீடு திரும்புகிறவருக்கு இது கைகொடுக்கும் உணவு. கால் மணி நேரக் கைவேலை போதும். மிச்சத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும். இதனாலேயே அவசரச் சமையல் என்று சிலர் இதைக் குறைத்துப் பேசுவதுண்டு. அவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முதலிலிருந்து செய்வதானால் இந்த உணவுக்கு அரை நாள் உழைப்பு வேண்டும். முரட்டுக் கறியை மெல்லும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். காளானை வதக்கி, பால் ஊற்றி, கெட்டிக் குழம்பு காய்ச்ச வேண்டும். கிழங்கை வேகவைத்துத் துருவிப் பொரிக்க வேண்டும். அந்த உழைப்பெல்லாம் கறிக்கடையின் அரவை இயந்திரத்திலும், சூப் டின்னிலும், ஃப்ரீசரிலும் முன்கூட்டியே முடிந்து காத்திருக்கிறது. சமைப்பவருக்கு எஞ்சுவது இரண்டு வேலைகள்: கறியைச் சிவக்க வறுப்பது, எல்லாவற்றையும் ஓவனில் ஒன்றுசேர்ப்பது. சேமித்து வைக்க முடியாத வேலைகள் இவை இரண்டும்தான். கேசரோல் ருசிப்பதும் சப்பென்று போவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

அரவையின் கணக்கு

ஒரு மாட்டின் தோள்பட்டைக் கறி ருசி மிகுந்தது, ஆனால் முரடு. நாள் முழுவதும் உடல் எடையைத் தாங்கி நடக்கும் தசை அது. அந்தத் தசையின் இழைகளைக் கட்டுக் கட்டாகச் சுற்றி, எலும்போடு பிணைத்து வைத்திருப்பது கொலாஜன் என்னும் புரதம். கயிறு போல முறுக்கிக்கொண்ட மூன்று சங்கிலிகளால் ஆனது ஒவ்வொரு கொலாஜன் மூலக்கூறும். இந்த முறுக்கு அவிழ்ந்து, வாயில் கரையும் ஜெலட்டினாக மாற ஈரமும் வெப்பமும் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். தோள்பட்டைக் கறித் துண்டுகளைக் குழம்பில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க விடுவது இதற்காகத்தான்.

அரவை இயந்திரம் வேறு வழியில் போகிறது. கொலாஜனைக் கரைக்காமல், சில மில்லிமீட்டர் நீளத்துக்கு அதை நறுக்கித் தள்ளிவிடுகிறது. அதே முரட்டு இழைகள் அங்கேயே இருக்கின்றன. ஆனால் பல்லுக்குத் தட்டுப்படாத அளவுக்குக் குட்டையாகிவிடுகின்றன. மூன்று மணி நேர வேலையைக் கத்தி சில நொடிகளில் முடித்துவிடுவதால்தான் கொத்துக்கறியை மாலை ஆறு மணிக்கு அடுப்பில் ஏற்றி ஏழு மணிக்குப் பரிமாற முடிகிறது.

அரைக்கும்போது கொழுப்பும் கறியோடு கலந்துவிடுகிறது. அமெரிக்கச் சட்டப்படி கொத்துக்கறியில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேசரோலுக்குப் பலரும் வாங்குவது 80 பங்கு கறிக்கு 20 பங்கு கொழுப்பு உள்ள வகை. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் வாங்கினால் அதில் 90 கிராம் கொழுப்பு இருக்கும். மாட்டிறைச்சிக்கு உரிய மணத்தைத் தரும் மூலக்கூறுகள் பல கொழுப்பில் கரைபவை. கொழுப்பே இல்லாத கறியை வறுத்தால் மணம் மட்டுப்பட்டு, துகள்கள் வறண்டு மணல் போலாகும். அதே சமயம், உருகி வடியும் கொழுப்பு முழுவதையும் கேசரோலில் விட்டால் குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கும். வெங்காயம் வதக்க ஒரு கரண்டியளவு வைத்துக்கொண்டு மிச்சத்தை வடித்துவிடுவது நல்லது.

உப்பு விஷயத்திலும் ஒரு கணக்கு உண்டு. பச்சைக் கறியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால் மயோசின் என்ற தசைப் புரதம் கரைந்து வெளியே வரும். சூடேறியதும் அது பசையாக இறுகி, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். சாஸேஜ் செய்பவர்கள் வேண்டுமென்றே செய்வது இது. கேசரோலுக்கு உதிரியான கறி வேண்டும். அதனால் பிசையாமல் வாணலியில் இட்டு, வறுபட்டு உதிர்ந்த பிறகு உப்புச் சேர்ப்பதே முறை.

வாணலியும் தண்ணீரும்

450 கிராம் கொத்துக்கறியைச் சின்ன வாணலியில் ஒரேயடியாகக் கொட்டி, கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தால் இரண்டு நிமிடத்தில் கறி சாம்பல் நிறமாகிவிடும். சுற்றிலும் கலங்கிய தண்ணீர் தேங்கும். கறி அதில் கொதிக்கும். வறுத்த வாசனை வராது. வேகவைத்த வாசனைதான் வரும்.

காரணம் தண்ணீர். இந்த வகைக் கொத்துக்கறியின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீதம், தண்ணீர்தான். வெப்பம் ஏறியதும் தசைப் புரதங்கள் சுருங்கி அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. வாணலியில் தண்ணீர் தேங்கியிருக்கும்வரை கறியின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஆனால் வறுத்த கறியின் பழுப்பு நிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான வினை வேகமெடுப்பது 140 டிகிரிக்கு மேல். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமி மயார் 1912இல் விவரித்த வினை அது. அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப் பொருட்களை உண்டாக்குகின்றன. கறியில் வறுத்த வாசனையும், ரொட்டியின் மேலோட்டில் பொன்னிறமும், காபிக்கொட்டையில் கருமையும் இந்த மயார் வினையின் வேலை.

தண்ணீரை விரட்ட எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பார்த்தால் வாணலியில் நடப்பது விளங்கும். கறியிலிருந்து 100 கிராம் தண்ணீர் வெளியேறுவதாக வைத்துக்கொள்ளலாம். அறை வெப்பநிலையிலிருந்து அதைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 33 கிலோஜூல் போதும். கொதிநிலையில் இருக்கும் அதே தண்ணீரை ஆவியாக்க 226 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட ஏழு மடங்கு! அடுப்பிலிருந்து 1 கிலோவாட் வெப்பம் வாணலிக்குள் போய்ச் சேர்கிறது என்றால், அந்த 100 கிராமை ஆவியாக்கவே நான்கு நிமிடம் பிடிக்கும். அந்த நான்கு நிமிடமும் கறி பழுக்காது.

இதற்கு அமெரிக்கச் சமையல்காரர்கள் கண்ட வழி எளிமையானது. அகலமான, கனமான இரும்பு வாணலியை நன்றாகக் காய வைக்க வேண்டும். கொத்துக்கறியை உதிர்க்காமல் ஒரே தட்டையான அடைபோல அழுத்திப் பரப்ப வேண்டும். பிறகு நான்கைந்து நிமிடம் கையே வைக்கக் கூடாது. வாணலியைத் தொடும் அடிப்பக்கம் மட்டும் வறண்டு, 140 டிகிரியைத் தாண்டி, ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்கு வரும். மேல்பகுதி அப்போதும் ஈரத்தோடு இளஞ்சிவப்பாக இருக்கும். அதன் பிறகு கரண்டியின் விளிம்பால் உடைத்து உதிர்த்தால், வறுபட்ட துகளும் மென்மையான துகளும் கலந்து கிடைக்கும். எல்லாத் துகளையும் பழுப்பாக்க முயன்றால் கறி சுருங்கி ரப்பர் போலாகிவிடும். கறியில் ஒரு பகுதி நன்றாகச் சிவந்தாலே பாத்திரம் முழுவதற்கும் போதுமான மணம் வந்துவிடுகிறது. மயார் வினையின் மணப் பொருட்கள் மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டுபவை.

கறியை முதலில் வறுத்தால் மேற்பரப்பு ‘அடைபட்டு’ சாறு உள்ளே தங்கும் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1840களில் பரப்பிய கருத்து அது. எடைபோட்டுப் பார்த்த பிற்காலச் சோதனைகள் அதைப் பொய்யாக்கின. வாணலியில் கேட்கும் ‘சுர்ர்’ என்ற சத்தமே சாறு வெளியேறிக்கொண்டிருப்பதற்குச் சாட்சி.

கறியை எடுத்த பிறகு வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தைக் கழுவிக் கொட்டுவது பெரிய நஷ்டம். வெங்காயத்தை அதே வாணலியில் போட்டால், அதிலிருந்து கசியும் நீர் அந்தப் படலத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். வெங்காயமும் தன் பங்கைச் சேர்க்கிறது. நறுக்கும்போது கண்ணை எரிக்கும் அதே கந்தகச் சேர்மங்களின் வழியாக, வதங்கும்போது இறைச்சிச் சாற்றின் மணமுள்ள ஒரு பொருள் உருவாகிறது. அரைக் கிலோ கறிக்கு ஒரு பெரிய வெங்காயம் சேர்த்தால் கறியின் ருசியே கூடிவிடுவதாகத் தோன்றுவது இதனால்தான்.

டின்னுக்குள் ஒரு ரசாயனக்கூடம்

1897இல் நியூஜெர்சியின் கேம்டன் நகரில் ஜான் டோரன்ஸ் என்ற இளம் வேதியியலாளர் கேம்ப்பெல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தவர் அவருடைய சித்தப்பாதான். அன்று சூப் டின்களின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். ரயிலில் அனுப்பும் செலவில் பெரும்பங்கும் தண்ணீருக்கே போனது. டோரன்ஸ் சூப்பிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக்கி, சிறிய டின்னில் அடைத்தார். வீட்டில் ஒரு டின் தண்ணீர் சேர்த்தால் மறுபடியும் சூப்.

அந்த நிறுவனத்தின் காளான் சூப் 1934இல் வந்தது. தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினால் அது ஒரு கெட்டிக் குழம்பு என்பதை அமெரிக்க இல்லத்தரசிகள் வெகுசீக்கிரம் கண்டுகொண்டார்கள். 1955இல் கேம்ப்பெல் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டார்கஸ் ரைலியின் குழு இதே சூப்பைப் பச்சை பீன்ஸோடு சேர்த்து உருவாக்கிய கேசரோல் இன்றும் நன்றி கூறும் நாள் விருந்தில் இடம்பெறுகிறது. மினசோட்டாவில் லூத்தரன் தேவாலயங்களின் நிலவறைச் சமையலறைகள்தோறும் இந்த டின் புழங்கியது.

இந்தக் குழம்பு ஓவனில் முக்கால் மணி நேரம் கொதித்தும் திரியாமல் இருக்கக் காரணம் மாவுச்சத்து. வெறும் பாலையோ குறைந்த கொழுப்புள்ள க்ரீமையோ ஊற்றிச் சுட்டால் பால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துவிடும். மாவு சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்தின் மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கசியவிடுகின்றன. அவை திரவத்தைக் கெட்டியாக்கி, புரதங்கள் ஒன்றையொன்று நெருங்க விடாமல் தடுக்கின்றன. சூடு ஆறும்போது இந்தச் சங்கிலிகள் மேலும் பிணைந்து குழம்பு இன்னும் இறுகுகிறது. ஓவனிலிருந்து எடுத்தவுடன் தளரத் தளர இருக்கும் கேசரோல், பத்து நிமிடம் ஆறிய பிறகு வெட்டியெடுக்கும் பதத்துக்கு வருவது இப்படித்தான்.

காளானும் மாட்டுக்கறியும் இவ்வளவு பொருந்திப்போவதற்கும் ஓர் அறிவியல் பின்னணி உண்டு. 1908இல் டோக்கியோவில் கிகுனே இக்கேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, உலர்த்திய பொனிட்டோ மீனில் இனோசினேட் என்ற இன்னொரு உமாமிப் பொருளைக் கண்டார். பிறகு, 1950களின் பிற்பகுதியில் அகிரா குனினாகா, காளானில் உள்ள குவானிலேட்டை ஆராய்ந்தபோது ஒரு புதிரை அவிழ்த்தார். குளூட்டமேட்டோடு இனோசினேட்டோ குவானிலேட்டோ சேரும்போது சுவை வெறுமனே கூடுவதில்லை. பல மடங்கு பெருகுகிறது. மாட்டுக்கறியில் இனோசினேட் நிறைய. காளானில் குளூட்டமேட் இருக்கிறது. ஓரளவு குவானிலேட்டும் இருக்கிறது. தக்காளியிலும் குளூட்டமேட் உண்டு. மன்காட்டோவின் பெண்கள் தக்காளி சூப்பையும், அவர்களுக்குப் பின் வந்தவர்கள் காளான் சூப்பையும் கறியோடு சேர்த்தபோது, நாக்கு சொன்னதை நம்பியே இந்தச் சேர்க்கையை எட்டியிருந்தார்கள்.

டின்னில் ஒரு குறையும் உண்டு: உப்பு. வழக்கமான காளான் சூப் டின் ஒன்றில் ஏறக்குறைய 2 கிராம் சோடியம் இருக்கும். ஒருவர் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டின் ஆறு பேருக்குப் பகிர்ந்து போகிறது என்றாலும், கறியில் தாராளமாக உப்புப் போட்டால் கணக்கு தப்பிவிடும். உப்புக் குறைத்த டின்களும் கடைகளில் கிடைக்கின்றன. பத்து நிமிடம் கூடுதலாக இருக்கிறவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு கைப்பிடி காளானைப் பொடியாக நறுக்கி, 3 மேசைக்கரண்டி வெண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கி, 3 மேசைக்கரண்டி மைதா தூவிக் கிளறி, ஒன்றரைக் கப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றினால் கெட்டிக் குழம்பு தயார்.

மேலே நிற்கும் கிழங்கு

கேசரோலின் மேல்தளத்துக்கு வந்த டேட்டர் டாட் என்ற உருளைத் துண்டு ஒரு கழிவுப் பிரச்சினையிலிருந்து பிறந்தது. ஓரிகான் மாநிலத்தின் ஒன்டாரியோ நகரில் நெஃபி கிரிக், கோல்டன் கிரிக் என்ற சகோதரர்கள் ஓர்-ஐடா என்ற பெயரில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் தயாரித்து உறையவைத்து விற்றார்கள். கிழங்கைக் குச்சி குச்சியாக வெட்டும்போது மிஞ்சிய ஓரத்துணுக்குகள் மாட்டுத் தீவனமாகிக்கொண்டிருந்தன. 1953இல் அவர்கள் அந்தத் துணுக்குகளை நறுக்கி, மாவும் மசாலாவும் சேர்த்து, துளைகள் வழியே தள்ளி, துண்டுபோட்டு, எண்ணெயில் பொரித்து உறையவைத்தார்கள். 1956இல் அவை கடைகளுக்கு வந்தன.

பொரித்து உறையவைத்ததால் ஒவ்வொரு துண்டின் மேலும் ஏற்கெனவே காய்ந்த ஓடும், மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் இருக்கின்றன. ஓவன் செய்ய வேண்டியது அந்த ஓட்டை மறுபடியும் மொறுமொறுப்பாக்குவது. ஆனால் கேசரோலில் அது சுலபமில்லை. துண்டுகளின் கீழே கொதிக்கும் குழம்பு ஓயாமல் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. ஈரமான அடிப்பகுதி 100 டிகிரியில் நின்றுவிடும். சூடான உலர்காற்று படும் மேற்பகுதி மட்டும் காய்ந்து, அதற்கு மேலும் சூடேறிச் சிவக்கும். ஒரே துண்டின் அடி குழம்பை உறிஞ்சி மெத்தென்று இருக்க, மேல்பக்கம் மொறுமொறுவென்று இருப்பதுதான் இந்த உணவை விரும்புகிறவர்கள் தேடும் சுகம்.

அதைக் கெடுக்காமல் இருக்கச் சில வழிகள் உண்டு. துண்டுகளை ஒரே அடுக்காக நிறுத்த வேண்டும். இரண்டாம் அடுக்கு வைத்தால் கீழடுக்கு ஆவியில் வெந்து குழையும். வரிசைகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி இருந்தால் ஆவி வெளியேற வழி கிடைக்கும். பாத்திரத்தை மூடக் கூடாது. துண்டுகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் உறைந்த நிலையிலேயே அடுக்க வேண்டும். வெளியே வைத்து இளகவிட்டால் பனி உருகி ஓட்டை நனைத்துவிடும். ஓவன் 200 முதல் 220 டிகிரி வரை முன்பே சூடாகியிருக்க வேண்டும். உறைந்த கிழங்கில் உள்ள பனிக்கட்டியை உருக்கவே நிறைய வெப்பம் செலவாகும் என்பதால் 40 முதல் 45 நிமிடம் ஆகும். சீஸ் சேர்ப்பவர்கள் அதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் தூவினால் கருகாமல் உருகும்.

71 டிகிரி

1993இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற துரித உணவகங்களில் சாப்பிட்ட 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். சரியாக வேகாத ஹாம்பர்கரில் இருந்த இ.கோலை ஓ157:எச்7 என்ற பாக்டீரியா அந்தக் குழந்தைகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்திருந்தது. மறு ஆண்டே அமெரிக்க வேளாண் துறை, பச்சைக் கொத்துக்கறியில் இந்தப் பாக்டீரியா இருந்தாலே அது கலப்படப் பொருள், விற்கக் கூடாது என்று அறிவித்தது.

இந்தக் கிருமி மாட்டின் குடலில் வாழ்வது. மாட்டுக்கு அதனால் கேடில்லை. அறுக்கும்போது தோலிலிருந்தோ குடலிலிருந்தோ கறியின் மேற்பரப்பில் அது ஒட்டிக்கொள்ளும். முழுத் துண்டான ஸ்டேக்கில் கிருமி வெளிப்புறத்தோடு நின்றுவிடுவதால், மேலே நன்றாகச் சுட்டால் அழிந்துவிடும். அரைக்கும்போது மேற்பரப்பு முழுவதும் உள்ளே போய்விடுகிறது. ஒரே பொட்டலத்தில் பல மாடுகளின் கறி கலந்திருக்கவும் கூடும். ஆகவே முழுத் துண்டுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட இடைவேளையும் போதும் என்று சொல்லும் வேளாண் துறை, கொத்துக்கறிக்கு மட்டும் 71 டிகிரி கட்டாயம் என்கிறது.

நிறத்தைப் பார்த்து முடிவுசெய்வது ஆபத்து. கறியின் நிறம் மயோகுளோபின் என்ற இரும்புச்சத்துப் புரதத்தைப் பொறுத்தது. காற்றுப் படாத இடத்தில் அது ஊதா சாயலில் இருக்கும். ஆக்சிஜன் சேர்ந்தால் பளிச்சென்ற சிவப்பு. நாளாக ஆக்சிஜனேற்றம் நடந்தால் பழுப்பு. ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்த கறி, பாதுகாப்பான வெப்பத்தை எட்டுவதற்கு முன்பே வெந்தது போன்ற நிறத்துக்கு வந்துவிடும். கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் இதை நிறுவிக் காட்டினார்கள். நான்கு ஹாம்பர்கர்களில் ஒன்று இப்படி முன்கூட்டியே பழுப்பாகிவிடுகிறது என்கிறது வேளாண் துறை.

இந்த விஷயத்தில் கேசரோல் ஹாம்பர்கரைவிடப் பாதுகாப்பானது. கறி வாணலியில் ஒருமுறை வெந்து, ஓவனில் மறுபடியும் கொதிக்கிறது. ஆனால் சில பழைய குறிப்புகள் வறுக்கும் வேலையையும் மிச்சப்படுத்தச் சொல்கின்றன: பச்சைக் கறியை நேரடியாகப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, மேலே சூப், அதற்கு மேல் உறைந்த கிழங்கு. அப்படிச் செய்தால் மேல்பக்கம் சிவந்த பிறகும் நடுப்பகுதி போதிய சூடேறாமல் இருக்கக்கூடும். வறுத்த மணமும் கிடைக்காது, வடிக்க வேண்டிய கொழுப்பும் உள்ளேயே தங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம்பிடிப்பதில் லாபமே இல்லை. எந்த முறையானாலும், ஒரு சமையல் வெப்பமானியை நடுவில் செருகிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கண்ணாடிப் பாத்திரமும் மறுநாள் சாப்பாடும்

1913இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையில் பணிபுரிந்த இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டன், மின்கலத்துக்குப் பயன்படும் ஒரு கண்ணாடிச் சாடியின் அடிப்பகுதியை வெட்டி எடுத்து மனைவி பெஸ்ஸியிடம் கொடுத்தார். அவர் அதில் கேக் சுட்டார். ரயில்வே விளக்குகளுக்காகத் திடீர் சூட்டையும் குளிரையும் தாங்கும்படி உருவாக்கப்பட்டிருந்த கண்ணாடி அது. 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் சமையல் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. அன்றைய போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவடைவது சாதாரணக் கண்ணாடி விரிவடைவதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. இன்று அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பைரெக்ஸ் பாத்திரங்கள் பதப்படுத்திய சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. அடி தாங்கும், திடீர் வெப்ப மாற்றத்தை அந்த அளவுக்குத் தாங்காது.

வாரம் ஒருநாள் இரண்டு மடங்காகச் செய்து ஒன்றை ஃப்ரீசரில் வைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். உறைந்த கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடக்கூடும். அனுபவப்பட்டவர்கள் பாத்திரத்தில் முதலில் அலுமினியத் தாள் விரித்து, அதன்மேல் கறியையும் குழம்பையும் நிரப்பி உறையவைப்பார்கள். கட்டியானதும் தாளோடு தூக்கிச் சுற்றி வைத்துவிட்டால் பாத்திரம் வேறு வேலைக்கு உதவும். வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு தாளை உரித்துக் கட்டியைப் பாத்திரத்தில் வைத்து, ஃப்ரிட்ஜில் இளக விடுவார்கள். உருளைத் துண்டுகளை அடுக்குவது ஓவனில் வைக்கும் அன்றுதான்.

மிச்சமான கேசரோலை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை. உணவு மெல்ல ஆறும்போது விழித்துக்கொண்டு, 45 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்க அவற்றால் முடியும். பெரிய அண்டாவில் ஆறவைத்த இறைச்சிக் குழம்பு நோய் தருவது பெரும்பாலும் இவ்வாறுதான். அகலமும் ஆழக்குறைவுமாக இருக்கும் கேசரோல் பாத்திரம் இங்கே உதவுகிறது: உணவின் கனம் பாதியானால் நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும்.

மறுநாள் சூடாக்கும்போது கறியில் ஒரு பழைய வாடை எழுவதுண்டு. 1958இல் டிம்ஸ், வாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். முதல்நாள் சமையலில் மயோகுளோபினிலிருந்து விடுபடும் இரும்பு, கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்வதால் வரும் வாடை அது. தனியாக வறுத்து வைத்த கொத்துக்கறியில் இது துலக்கமாகத் தெரியும். குழம்பில் மூழ்கிய கறிக்குக் காற்று அதிகம் எட்டுவதில்லை. வெங்காயத்தில் இயல்பாக இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருட்களும் துணை நிற்கின்றன. மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். மறுபடி சூடாக்க மைக்ரோவேவைவிட ஓவன் ஏற்றது. முதலில் மூடி வைத்து நடுப்பகுதி சூடேறியதும் மூடியை எடுத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் வைத்தால், இழந்த மொறுமொறுப்பில் ஒரு பங்காவது கிழங்குக்குத் திரும்பக் கிடைக்கும். நடுவில் வெப்பமானி 74 டிகிரி காட்டியதும் பரிமாறலாம்.